ஆமைச் சட்டியில் எட்டு மணி

மகள்: அப்பா, இது சூப்பா, இல்ல உருளைக்கிழங்கு குளிச்சிக்கிட்டு இருக்கா?

கொத்தனார்: மூடியத் தொறக்காத! தொறக்கக் கூடாதுன்னு சீட்டுல எழுதியிருக்கு. எழுத்துக் கூட்டி நானே படிச்சேன்.

மகள்: தொறந்தாச்சு. இங்க வா, வந்து பாரு. தண்ணி வெதுவெதுன்னு கெடக்கு. கிழங்கு அப்படியே கல்லு.

கொத்தனார்: அதெப்படி? சரியா எட்டு மணிக்குப் போட்டேனே. கடிகாரத்தையே பாத்துக்கிட்டு நின்னு, பெரிய முள்ளு பன்னெண்டைத் தொட்டதும் சுவிட்சைத் தட்டினேன்.

மகள்: அதென்ன எட்டு மணிக்கு? முகூர்த்தமா?

கொத்தனார்: சீட்டுல அப்படித்தான் இருக்கு. இந்தா பாரு... "மூடி வைக்கவும். எட்டு மணி." புள்ளி.

மகள்: குடு இப்படி... அய்யோ அப்பா! எட்டு மணி இல்ல. எட்டு மணி நேரம்.

கொத்தனார்: நேரம்னு எங்க இருக்கு? காட்டு. ஒவ்வொரு எழுத்தா காட்டு.

மகள்: இல்லதான். விட்டுப் போயிருக்கு. ஆனா அர்த்தம் அதான். இது மெதுவா வேகற சட்டி. அடுப்பு மாதிரி படபடன்னு கொதிக்காது.

கொத்தனார்: ஆமைச் சட்டின்னு நான் பேரு வெச்சது சரிதான் அப்ப. எட்டுல போட்டது... எட்டு மணி நேரம்னா... சாயங்காலம் நாலு!

மகள்: விருந்தாளி எத்தனை மணிக்கு?

கொத்தனார்: ஒரு மணி.

மகள்: ஒரு மணியா, ஒரு மணி நேரத்துலயா? தெளிவா சொல்லு. உன் வீட்டுல ரெண்டுக்கும் வித்தியாசம் தெரிய மாட்டேங்குது.

கொத்தனார்: வெந்த புண்ணுல வேலப் பாய்ச்சாத கண்ணு. பகல் ஒரு மணி. இப்ப மணி என்ன ஆச்சு?

மகள்: பத்து.

கொத்தனார்: போச்சு. கூரைக்குக் கான்கிரீட் போடற அன்னிக்கு மழை பிடிச்ச கதை.

மகள்: போகல. மொதல்ல உக்காரு. இந்தத் திருகுல ஒரு புள்ளி இருக்கு, ரெண்டு புள்ளி இருக்கு. ஒரு புள்ளி மெதுவா. ரெண்டு புள்ளின்னா பாதி நேரம். இந்தா, திருப்பியாச்சு.

கொத்தனார்: பாதின்னா நாலு மணி நேரம். அப்பவும் ரெண்டு ஆயிடுமே?

மகள்: கிழங்கைச் சின்னதா வெட்டினா சீக்கிரம் வெந்துடும். என்னத்துக்கு இம்மாம்பெரிசா வெட்டி வெச்சிருக்க?

கொத்தனார்: "துண்டு துண்டாக"ன்னு இருந்துச்சு. எவ்வளவு துண்டுன்னு இல்ல. நான் ஒன்றரை இன்ச்சு ஜல்லிக் கல்லு அளவுக்கு வெட்டினேன்.

மகள்: அஸ்திவாரமா போடப் போற? முக்கால் ஜல்லி போதும். எல்லாத்தையும் கரண்டியால வாரி வெளிய எடு. நான் அடுப்புல தண்ணி கொதிக்க வைக்கறேன். சுடுதண்ணி ஊத்தினா சட்டி மறுபடி சூடாகற நேரம் மிச்சம்.

கொத்தனார்: உனக்கு இன்னிக்கு லீவா? வாராவாரம் நீ மதியத்துக்குத்தான வருவ?

மகள்: என் பஸ்ஸு ஷெட்டுல. பிரேக் பாக்கறாங்க. கண்டக்டர் எனக்கு வேற வண்டி குடுக்கல, வந்துட்டேன்.

கொத்தனார்: நல்லதாப் போச்சு... இந்தா, இந்தத் துண்டு சரியா?

மகள்: இன்னும் சின்னதா. இந்தச் சட்டிய நான் வாங்கிக் குடுத்து ரெண்டு வருஷம் ஆச்சு. இன்னிக்குத்தான் தொடற, இல்ல?

கொத்தனார்: ச்சே, ச்சே. தினமும் உபயோகம்தான்.

மகள்: என்ன சமைச்ச?

கொத்தனார்: சமைக்கல... ஆணி போட்டு வெச்சிருந்தேன்.

மகள்: அப்பா!

கொத்தனார்: கண்ணாடி மூடி இல்லையா, எது ஒரு இன்ச்சு, எது ரெண்டு இன்ச்சுன்னு வெளிய இருந்தே தெரியும். நேத்து நல்லாக் கழுவிட்டேன். மூணு தடவை. சத்தியமா.

மகள்: காலையில ஏழு மணிக்குக் கிளம்பற மனுஷன், சைட்டுல டீயும் பன்னும் தின்னு வயித்தக் கெடுத்துக்கறாரேன்னு வாங்கிக் குடுத்தேன். காலையில போட்டுட்டுப் போ, சாயங்காலம் வந்து சாப்பிடுன்னு. நீ ஆணிக்குச் சோறு போட்டிருக்க.

கொத்தனார்: ஒருத்தனுக்காக வெங்காயம் உரிக்கக் கை வராது கண்ணு. உரிச்சுப் பாத்திருக்கியா, ஒத்த ஆளுக்கு?

மகள்: ...சரி, வெங்காயம் எங்க?

கொத்தனார்: சட்டிக்குள்ளதான். ரெண்டு. பூண்டு நாலு பல்லு. உப்பு. மிளகை அம்மிக்கு வழியில்லாம சுத்தியலால தட்டினேன்.

மகள்: சுத்தியலக் கழுவினியா?

கொத்தனார்: துணியில முடிஞ்சுதான் தட்டினேன். உன்ன மாதிரி ஒரு இன்ஸ்பெக்டர் சைட்டுக்கு வந்தா ஒரு வீடும் எழும்பாது.

மகள்: கையில என்ன பாக்கெட்? அதக் கீழ வை. வைன்னு சொல்றேன்!

கொத்தனார்: பாலாடை. க்ரீம். ஊத்த வேண்டாமா? இது இல்லாட்டி அது வெறும் கிழங்குத் தண்ணிதான?

மகள்: கடைசியில ஊத்தணும். இப்ப ஊத்தினா திரிஞ்சு, தயிர் உடைஞ்ச மாதிரி ஆயிடும். கிழங்கு வெந்ததும் மசிச்சுட்டு, பாலுல கொஞ்சம் சோள மாவு கரைச்சு விட்டு, அப்புறம் இது. கடைசி அரை மணி நேரம்.

கொத்தனார்: பூச்சு வேலை கடைசியிலதான்ங்கற.

மகள்: ஆமா, மேஸ்திரி. மொதல்ல சுவரு.

கொத்தனார்: இவ்வளவும் உனக்கு எப்படித் தெரியும்? சீட்டைக் கூட நீ முழுசாப் படிக்கலியே?

மகள்: ...சூப்புன்னா எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். தண்ணி கொதிச்சிடுச்சு, தள்ளி நில்லு. ஊத்தறேன்... மூடு. இனிமே நான் சொல்ற வரைக்கும் தொறக்கக் கூடாது. ஒரு தடவை தொறந்தா இருபது நிமிஷம் பின்னாடி போயிடும்.

கொத்தனார்: நிஜமாவா? காலையில இருந்து ஆறு தடவை தொறந்தேன்.

மகள்: எதுக்கு?

கொத்தனார்: பதம் பாக்க. கலவையைப் பாக்காம எந்தக் கொத்தன் நிப்பான்?

மகள்: இப்ப நில்லு. கையைப் பின்னால கட்டிக்கிட்டு நில்லு. சரி, யாரு வர்றாங்க?

கொத்தனார்: வகுப்புல கூடப் படிக்கறவங்க. சாயங்கால வகுப்புல.

மகள்: எழுத்துக் கத்துக்கற வகுப்புலயா?

கொத்தனார்: ம். ஒரே பெஞ்சு. அவங்களும் என்ன மாதிரி லேட்டா ஆரம்பிச்சவங்கதான். 'ழ'வுக்கு என்னை விட நல்லா வளைவு போடுவாங்க.

மகள்: என்ன வேலை பாக்கறாங்க?

கொத்தனார்: துணி தேய்க்கறாங்க. சலவைக் கடையில.

மகள்: பல்லு வலிக்காரரா? சூப்பு வெக்கற?

கொத்தனார்: பல்லு எடுத்திருக்காங்க. மேல் வரிசை முழுக்க. புதுப் பல்லு வர ரெண்டு வாரம் ஆகுமாம். கடிக்க முடியாது. அதான், வழுவழுன்னு ஏதாவது...

மகள்: ம்... அவங்க, அவங்க, அவங்க.

கொத்தனார்: என்ன?

மகள்: உன் கூட வேலை பாக்கற சித்தாளு, ஆசாரி, பெயிண்டர்... அறுபது வயசு கம்பி கட்டறவர் வரைக்கும் எல்லாரையும் நீ "அவன்"னுதான் சொல்லுவ. இன்ஜினியரையே முதுகுக்குப் பின்னாடி "அவன்"னுவ. இன்னிக்கு என்ன, மூச்சுக்கு முந்நூறு "அவங்க"?

கொத்தனார்: படிக்கப் போனா மரியாதை வருமில்ல?

மகள்: வர்றது அவனா, அவளாப்பா?

கொத்தனார்: ...மூடி மேல ஆவி கட்டுது பாரு. தண்ணி முத்து முத்தா எறங்குது.

மகள்: நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு. ஆவி எங்கயும் போகாது.

கொத்தனார்: பொம்பள.

மகள்: ம்.

கொத்தனார்: அவ்வளவுதானா? வெறும் "ம்" மட்டுமா?

மகள்: வேற என்ன சொல்லணும்?

கொத்தனார்: அன்னிக்குக் கல்யாணத் தரகருக்குச் சொன்ன மாதிரி ஏதாவது சொல்லுவியோன்னு பாத்தேன். அம்மா தவறிப் போன ஏழாம் மாசம் வந்தாரே, "கொத்தனாருக்கு ஒரு துணை பாக்கலாமா"ன்னு. ஈரத் துடைப்பத்தோட தெரு முனை வரைக்கும் அவரைத் தொரத்தின. பாவம், ஒரு செருப்பு இங்கயே கெடந்துச்சு. ரெண்டு மாசம் கழிச்சுத்தான் ஆள் விட்டு வாங்கிக்கிட்டாரு.

மகள்: ஏழு மாசத்துல வந்தா? அம்மா புடவை இன்னும் கொடியில தொங்குது, அந்தாளு வயசு என்ன, ஜாதகம் என்னன்னு கேக்கறாரு. துடைப்பத்தோட விட்டேனேன்னு சந்தோஷப்படச் சொல்லு.

கொத்தனார்: அது சரிதான். ஆனா அன்னிலருந்து எனக்குப் பயம் கண்ணு. ஆறு மாடி சாரத்துல நின்னிருக்கேன், காலு நடுங்கினதில்ல. உன் முகம் சுருங்கினா நடுங்குது.

மகள்: இப்ப சுருங்கியா இருக்கு?

கொத்தனார்: புகையில சரியாத் தெரியல.

மகள்: இது ஆவி. புகையில்ல. சொல்ல வந்ததச் சொல்லு.

கொத்தனார்: இன்னிக்கு இந்தச் சூப்பு நல்லா வரணும். அவங்களும் நீயும் ஒரே மேசையில உக்காந்து சாப்பிடணும். அவங்களுக்கு உன்னைப் பிடிக்கும், அது எனக்குத் தெரியும். உனக்கு அவங்களைப் பிடிக்கணும். பிடிக்கலன்னா... சூப்பு குடிச்சிட்டுப் போன விருந்தாளின்னு இருந்துட்டுப் போகட்டும். நான் மூச்சு விட மாட்டேன்.

மகள்: பிடிச்சிருந்தா?

கொத்தனார்: பிடிச்சிருந்தா... உங்கிட்ட ஒண்ணு பேசணும். சாப்பிட்டுட்டுப் பேசிக்கலாம்.

மகள்: அதுக்குத்தான் நேத்து முழுக்க வீட்டைப் பெருக்கித் தள்ளியிருக்க. சுவருக்கு வெள்ளை கூட அடிச்சிருக்க போல?

கொத்தனார்: அடுப்படிக்கு மட்டும். ஒரு கோட்டு.

மகள்: ஊருக்கெல்லாம் சுவரு பூசற, உன் வீட்டு அடுப்படி பதினஞ்சு வருஷமா கரி பிடிச்சுக் கெடந்துச்சு. அம்மா கேட்டுக் கேட்டு ஓஞ்சு போனா.

கொத்தனார்: தெரியும். அடிக்கும்போது அதைத்தான் நெனச்சேன். அவ கேட்டப்ப அடிச்சிருக்கலாம்... மணி என்ன?

மகள்: பன்னெண்டே கால். இப்பத் தொறக்கலாம். கத்தியால குத்திப் பாரு.

கொத்தனார்: குத்தறேன்... அட, வெண்ணெய் மாதிரி எறங்குது!

மகள்: மத்து குடு. பாதிய மசிச்சுக்கலாம். பாதி அப்படியே இருந்தாத்தான் சாப்பிட ருசி.

கொத்தனார்: முழுக்க மசிச்சிடு கண்ணு. மேல் பல்லு இல்லையே.

மகள்: கீழ்ப் பல்லு இருக்குல்ல? ஈறுலயே மென்னுடுவாங்க. போன வாரம் பிஸ்கட்டே...

கொத்தனார்: போன வாரம்?

மகள்: ...பாலை எடு. சோள மாவு எங்க வெச்சிருக்க?

கொத்தனார்: போன வாரம் பிஸ்கட்டுன்னு என்னமோ சொன்ன.

மகள்: பொதுவா சொன்னேன். பல்லு எடுத்தவங்க பிஸ்கட்டை டீயில முக்கித் தின்பாங்கன்னு.

கொத்தனார்: சோள மாவு அந்த டப்பாவுல. வெள்ளை சிமெண்ட்டுப் பக்கத்துல... பயப்படாத, சிமெண்ட்டு பையில இருக்கு. மாவு டப்பாவுல இருக்கு. மேல பேரு எழுதி ஒட்டியிருக்கேன்.

மகள்: "சோழ மாவு".

கொத்தனார்: ஏன், தப்பா?

மகள்: ராஜ வம்சத்து மாவு. பரவால்ல, கெட்டியா வரும்... கரைச்சாச்சு. ஊத்தறேன், நீ கலக்கு. மெதுவா. பூசற மாதிரி கலக்காத, ஒரே பக்கமா சுத்து. இப்பப் பாலாடை.

கொத்தனார்: நெறம் மாறுது பாரு! சுண்ணாம்புக் கலவைக்குக் கூட இப்படி வழவழப்பு வராது. நான் கொஞ்சம் நக்கிப் பாக்கட்டா?

மகள்: உப்பு பாரு.

கொத்தனார்: ...கண்ணு.

மகள்: என்ன, உப்பு கூடவா?

கொத்தனார்: இல்ல. சரியா இருக்கு. இந்த வீட்டுல சாப்பாடு இப்படி வாசனையா இருந்து எவ்வளவு நாளாச்சு... ஆமா, அந்தச் சீட்டை எதுக்குப் பாத்துப் பாத்துச் சிரிக்கற? எழுத்து கோணலா இருக்குன்னா? அது அவங்க எழுதிக் குடுத்தது. கேலி பண்ணாத. இப்பத்தான கத்துக்கறாங்க. வகுப்புல நல்லாத்தான் எழுதுவாங்க, இது மட்டும் ஏன் இப்படி ஏறி எறங்கி இருக்குன்னு எனக்கே புரியல.

மகள்: ரோடு அப்படிப்பா.

கொத்தனார்: எந்த ரோடு?

மகள்: மார்க்கெட் தாண்டி தோண்டிப் போட்டிருக்காங்களே, அந்த ரோடு. பஸ்ஸு குதிக்கக் குதிக்க மடியில வெச்சு எழுதினா வேற எப்படி வரும்? நான் சொல்லச் சொல்ல அவங்க எழுதினாங்க. "மூடி வைக்கவும், எட்டு மணி"ன்னு எழுதறாங்க, டிரைவர் பிரேக் போட்டுட்டாரு, அவங்க ஸ்டாப்பு. "நேரம்"னு நான் கத்தினேன், அதுக்குள்ள எறங்கிப் போயிட்டாங்க.

கொத்தனார்: நீ... உனக்கு அவங்களை...

மகள்: மூணு மாசமா தெரியும். டிரைவர் பின்னாடி ஜன்னல் சீட்டு. தினமும் காலையில எட்டு பத்துக்குக் கிளம்பற என் வண்டியில.

கொத்தனார்: மூணு மாசமா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே! ரெண்டு பேருமே!

மகள்: நீயா சொல்றியான்னு பாத்தோம். நீ ஆணிச் சட்டி மாதிரி மூடி வெச்சிருந்த.

கொத்தனார்: எப்படி... அவங்களா வந்து பேசினாங்களா?

மகள்: மொத நாளே. டிக்கெட் குடுக்கப் போனேன். "நீ கொத்தனார் மகதான? நானும் உங்க அப்பாவும் ஒரே பெஞ்சுல படிக்கறோம். அவரு உங்கிட்ட சொல்ல மாட்டாரு, பயந்தாங்கொள்ளி. எனக்கு அவரைப் பிடிச்சிருக்கு. உனக்குப் பிடிக்கலன்னா இப்பவே சொல்லிடும்மா, அடுத்த ஸ்டாப்புல எறங்கிடறேன்"னாங்க.

கொத்தனார்: நீ என்ன சொன்ன?

மகள்: ஒண்ணும் சொல்லல. கடைசி ஸ்டாப்பு வரைக்கும் டிக்கெட் கிழிச்சுக் குடுத்தேன்.

கொத்தனார்: கண்ணு...

மகள்: அழாத. சூப்புல உப்பு கூடிடும். எனக்கும் மொதல்ல நெஞ்சு கனமாத்தான் இருந்துச்சு. இனிமே நான் இங்க வந்தா விருந்தாளி மாதிரி கதவைத் தட்டிட்டு வரணுமோன்னு. அவங்ககிட்டயே கேட்டுட்டேன். "தட்டினா நான் தொறக்கவே மாட்டேன், சாவி போட்டு நீயே உள்ள வா"ன்னாங்க.

கொத்தனார்: அப்படியா சொன்னாங்க?

மகள்: அப்படியே. அதனால நீ சாப்பிட்டுட்டுக் கேக்கப் போறதுக்கு இப்பவே பதில் சொல்றேன். எனக்குச் சம்மதம். ரெஜிஸ்டர் ஆபீசுல ஒரு நாள் கேட்டு வாங்கு. சாட்சிக் கையெழுத்து நான் போடறேன். அன்னிக்கு லீவு எழுதிக் குடுத்துட்டு, புதுச் சட்டை எடுத்து உனக்கு மாட்டிவிட்டு... என்னப்பா? ஏன் சட்டியையே பாக்கற?

கொத்தனார்: அந்தக் கரண்டியக் கொஞ்சம் கீழ வை.

மகள்: எதுக்கு?

கொத்தனார்: சூடா இருக்கு. கையில இல்லாம இருந்தா நல்லது.

மகள்: வெச்சாச்சு. சொல்லு.

கொத்தனார்: சாட்சிக்கு... வகுப்பு டீச்சரு வந்தாங்க. சலவைக் கடைக்காரரு ஒருத்தரு.

மகள்: வந்தாங்களா? வருவாங்களா?

கொத்தனார்: வந்தாங்க.

மகள்: எப்போ?

கொத்தனார்: போன செவ்வாக்கெழமை.

மகள்: கல்யாணமே முடிஞ்சு போச்சா?

கொத்தனார்: உங்கிட்ட கேட்டுட்டுச் செய்யணும்னுதான் அவங்க தலைதலையா அடிச்சுக்கிட்டாங்க. நான்தான், கேட்டு நீ வேணாம்னுட்டா அப்புறம் என்னால எந்திரிக்க முடியாதுன்னு... முடிச்சுட்டுச் சொல்லிக்கலாம், நானே சொல்றேன், நீங்க வாயத் தொறக்கக் கூடாதுன்னு அவங்ககிட்ட சத்தியம் வாங்கிட்டேன். தப்புதான். திட்டு. துடைப்பம் வாசப் பக்கம் இருக்கு.

மகள்: செவ்வாக்கெழமை சாயங்காலம் அவங்க என் வண்டியில வந்தாங்க. இந்தச் சீட்டை எழுதிக்கிட்டு. ஒண்ணுமே சொல்லாம என் கையைப் பிடிச்சு அழுத்திட்டு எறங்கினாங்க. பல்லு வலின்னு நெனச்சேன்.

கொத்தனார்: நேரா ஆபீசுலருந்துதான் வந்திருப்பாங்க.

மகள்: நான் வந்திருப்பேனேப்பா.

கொத்தனார்: தெரியாம போச்சு கண்ணு.

மகள்: வந்து பக்கத்துல நின்னிருப்பேன். எங்க இருந்தேன் அப்ப? அஞ்சாவது டிரிப்பு. "உள்ள போங்க, உள்ள போங்க"ன்னு கத்திக்கிட்டு.

கொத்தனார்: ...படியில சத்தம் கேக்குது. அவங்கதான். கண்ணு, முகத்தை இப்படி வெச்சுக்காத. ஏதாவது பேசு.

மகள்: கிண்ணம் மூணு எடு.

கொத்தனார்: எடுத்துட்டேன்.

மகள்: அம்மாவைக் கட்டினப்ப ரெண்டு பேரும் கைநாட்டுதான் வெச்சீங்கன்னு அம்மா சொல்லுவா. இதுக்கும் மையில விரலை அழுத்திட்டுத்தான் வந்தியா?

கொத்தனார்: இல்ல கண்ணு. ஆபீசரு மைப்பெட்டியத் தொறந்து நீட்டினாரு, நாங்க மூடி வெச்சுட்டோம். வரிசையில பின்னாடி எட்டுப் பேரு நின்னு சலிச்சுக்கிட்டாங்க... பேனா வாங்கி, ரெண்டு பேரும் முழுப் பேரையும் எழுதிட்டுத்தான் எந்திரிச்சோம்.